நான்கு எழுத்தில் மூடப்பட்ட கோப்புகள்

உடல்நலக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பப்படும் சிப்பாயின் மெடிக்கல் போர்டு அறிக்கையில், பல பக்கங்களைக் கடந்த பிறகு, நான்கு ஆங்கில எழுத்துகள் வரும்: என்.ஏ.என்.ஏ. நோய் ராணுவப் பணியால் வந்ததும் அல்ல, பணியால் முற்றியதும் அல்ல என்பதன் சுருக்கம் அது. எழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் தமிழ்க் காதில் ‘நானா?’ என்று விழும். குண்டடி பட்டுக் கால் இழந்தவரின் கோப்பில் இந்த முத்திரை விழ வாய்ப்பில்லை. மனச்சோர்வு, மனச்சிதைவு என்று எழுதிய கோப்புகளில் அது எத்தனை எளிதாக விழுகிறது என்பதை, கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் நீதிமன்றத் தீர்ப்புகளைப் புரட்டுகிற எவரும் பார்க்கலாம்.

முத்திரையின் விலை என்ன? இயலாமை ஓய்வூதியம் கிடைக்க இரண்டு பூட்டுகள் திறக்க வேண்டும். நோய் பணியால் வந்திருக்க வேண்டும், அல்லது பணியால் முற்றியிருக்க வேண்டும். பாதிப்பின் அளவு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ‘நானா’ என்று எழுதிவிட்டால் முதல் பூட்டே திறக்காது. பாதிப்பு எண்பது சதவீதம் என்று அதே மருத்துவர் எழுதியிருந்தாலும் பயனில்லை. சாதாரண ஓய்வூதியத்துக்குச் சிப்பாய் 15 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். எட்டு, ஒன்பது ஆண்டுகளில் ‘போர்டு அவுட்’ ஆனவருக்கு அதுவும் இல்லை. பத்து ஆண்டுகள் முடியாதவர்களுக்கு நெடுங்காலம் ஒரு முறை தரும் பணிக்கொடையோடு கதை முடிந்தது. 2020 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சகம் இந்தப் பத்தாண்டு நிபந்தனையைத் தளர்த்தியது; ஆனால் 2019 ஜனவரி 4 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் இருந்தவர்களுக்கு மட்டும். அதற்கு முதல் நாள் வரை வெளியேறியவர்கள் வெளியேறியவர்களே.

இருபத்தெட்டு வயதில் டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்புகிற மிலிட்டரிக்காரரை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. கை கால் நன்றாக இருக்கிறது. ஆள் திடகாத்திரமாக இருக்கிறார். அப்புறம் ஏன் பாதியில் வந்தார்? ஓடி வந்துவிட்டாரா, ஏதாவது தப்புச் செய்தாரா? கேள்விக்குப் பதில் சொல்லும் தெம்பை நோய் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், விதிகள் இந்தச் சிப்பாயின் பக்கம்தான் இருந்தன. 1982-ம் ஆண்டின் தகுதி விதிகள் சொன்னது எளிமையானது. பணியில் சேரும்போது ஒருவர் உடலாலும் மனதாலும் நலமாக இருந்தார் என்று கொள்ள வேண்டும். சேரும்போது பதிவான குறைபாடு மட்டுமே விலக்கு. பின்னர் மருத்துவக் காரணத்துக்காக வெளியேற்றப்பட்டால், இடையில் ஏற்பட்ட நலிவு பணியால் வந்தது என்று கொள்ள வேண்டும். உரிமை கோருபவர் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே. அதே விதிகளின் இணைப்பில், பணியின் நெருக்கடியாலும் உளைச்சலாலும் பாதிக்கப்படும் நோய்கள் என்றொரு பட்டியல் உண்டு. மனநோய்கள் அதில் இடம்பெற்றிருந்தன. ஆக, அரசே எழுதி வைத்த பட்டியல் ஒன்று சொன்னது. அரசு மருத்துவர் போட்ட முத்திரை வேறொன்று சொன்னது.

இந்த விதிகளுக்கு உயிர் கொடுத்தது தரம்வீர் சிங் வழக்கு. 1985 ஜூனில் சிக்னல்ஸ் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தவர் அவர். வலிப்பு நோய், 20 சதவீத நிரந்தரப் பாதிப்பு என்று 1994 ஏப்ரலில் வெளியேற்றப்பட்டார். நோய் பிறவிக்கூறு சார்ந்தது, பணிக்குத் தொடர்பில்லை என்றது மருத்துவக் குழு. 2013 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வியை எந்த விவசாயியும் கேட்டிருப்பார்: சேரும்போது நீங்கள்தானே பரிசோதித்தீர்கள், அப்போது ஒன்றும் எழுதவில்லையே? நோய் பணியால் வரவில்லை என்று காட்டும் பொறுப்பு அரசுக்கு. காரணம் எழுதாத மருத்துவக் கருத்துக்கு மதிப்பில்லை. வீட்டுக்குப் போய்ப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்கு ஓய்வூதியம் கிடைத்தது.

அதே 2013-ல் இன்னொரு தீர்ப்பு. அதில் இருப்பது மனநோய். 1972-ல் சேர்ந்த வீரர் ஒருவர், 1977 நவம்பரில் மனச்சிதைவு என்று சொல்லி அனுப்பப்பட்டவர். (பெயர் தீர்ப்பில் இருக்கிறது, இந்தப் பத்திக்கு அது தேவையில்லை.) அவரைப் பற்றி மனநல மருத்துவர் எழுதியிருந்தது சில வரிகள்தான்: சண்டைக்காரர், எரிச்சல் படுபவர், சிகிச்சையில் தேறியிருக்கிறார் என்ற அளவில். அந்தச் சில வரிகளை வைத்து ஒரு மனிதரின் வாழ்நாள் வருமானம் மறுக்கப்பட்டிருந்தது. நிபுணர்களின் கருத்தில் நீதிமன்றங்கள் தலையிடத் தயங்குவது சரியே என்ற உச்ச நீதிமன்றம், அதற்காக அந்தக் கருத்தைச் சட்டப் புத்தகம் போல வாசிக்க வேண்டியதில்லை என்றது. மருத்துவ நூல்களை எடுத்துவைத்து, அந்த நோயைப் பற்றி உலகம் என்ன சொல்கிறது என்று நீதிபதிகளே படித்தார்கள். மறு ஆய்வு மருத்துவக் குழு அமைத்து அவரை மீண்டும் பரிசோதிக்க உத்தரவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்டு முப்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூடிய கோப்பைத் திறக்க முடியும் என்பதற்கு இந்த வழக்கு சாட்சி. அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கும் இதுவே சாட்சி.

மனச்சோர்வு விஷயத்தில் ராணுவத்துக்கு விவரம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. படையினரின் உடல்தகுதியை ‘ஷேப்’ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளால் குறிக்கிறார்கள். முதல் எழுத்தே மனநலத்துக்கானது; காது, கை கால், உடல்திறன், கண் எல்லாம் அதற்குப் பிறகுதான். ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான ஓய்வூதிய வழிகாட்டி நூலின் 2008-ம் ஆண்டுத் திருத்தத்தில், மனநோயைப் பற்றிய பகுதி ஒரு நாவலாசிரியரின் குறிப்பேடு போல இருக்கிறது. போர்முனை, கிளர்ச்சி ஒடுக்கும் பணி, மிக உயரமான மலைப்பகுதி, ஆளரவமற்ற காவல்முனை, நீர்மூழ்கி விபத்து, கடலில் தொலைந்துபோதல், புயல் சுனாமி மீட்பு என்று சூழல்களை வரிசைப்படுத்துகிறது. அதற்குப் பிறகு வருவதுதான் மனதைத் தொடும் இடம். பணி அவசியத்தைக் காட்டி லீவு மறுக்கப்பட்ட மூன்று மாதங்களுக்குள் மனநோய் வந்தால், அதைப் பணியோடு தொடர்புபடுத்தலாம் என்கிறது. எந்த லீவு? மனைவியோ பிள்ளையோ இறந்தபோது கேட்டது. ஒரே மகனாக இருக்கும்போது பெற்றோர் இறந்ததற்குக் கேட்டது. அப்பா இல்லாத வீட்டில், ஒரே அண்ணனாக இருந்து தங்கை கல்யாணத்துக்குக் கேட்டது.

தங்கை கல்யாணத்துக்குப் போக முடியாமல் ஒருவன் உள்ளுக்குள் உடைந்துபோகலாம் என்று டெல்லியில் உட்கார்ந்து யாரோ எழுதியிருக்கிறார்கள். அந்தப் புரிதல் வழிகாட்டி நூலில் இருக்கிறது. மருத்துவக் குழுவின் மேசைக்கு வரும்போதுதான் காணாமல் போகிறது.

காணாமல் போவதற்கு ஒரு நிர்வாகக் காரணமும் உண்டு. மனநோய் என்று வந்துவிட்டால், மருத்துவருக்குப் போவது வீரரின் வாய்மொழி மட்டுமல்ல. அவருடைய கமாண்டிங் ஆபீசர் நிரப்பித் தரும் ‘படிவம் 10’ என்ற அறிக்கையும் போகும். இவர் எப்படி நடந்துகொண்டார், வேலை எப்படி, குடிப்பழக்கம் உண்டா, குடும்பத் தகராறு உண்டா என்பதெல்லாம் அங்கிருந்துதான் வரும். லீவு மறுத்த பட்டாலியனே லீவு மறுத்ததைப் பற்றியும் எழுத வேண்டும். எழுதுவார்களா? எழுதாவிட்டால், குடும்பப் பிரச்சினை என்ற ஒற்றைச் சொல் மிஞ்சும். குடும்பப் பிரச்சினை என்றால் பணித் தொடர்பு இல்லை. பணித் தொடர்பு இல்லை என்றால், நானா.

இந்த இடத்தில் தமிழுக்கும் ஒரு சிறு பங்கு இருக்கிறது. ‘மன அழுத்தம்’ என்ற சொல்லை வேலைப்பளுவுக்கும் பயன்படுத்துகிறோம், மருந்து தேவைப்படும் மனச்சோர்வு நோய்க்கும் பயன்படுத்துகிறோம். ‘ஒரே மன அழுத்தமா இருக்குப்பா’ என்று தினமும் சொல்கிற சமூகத்தில், அதற்காக ஒருவர் பென்ஷன் கேட்கிறார் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். தூக்கம் போய், பசி போய், வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாமல், இருப்பதே பாரம் என்று நினைக்க வைக்கும் நோய்க்குத் தனிச்சொல் வேண்டும். 2017 தொடங்கி ஐந்தாண்டுகளில் முப்படைகளிலும் 819 பேர் தற்கொலை செய்துகொண்டதாக 2022 ஜூலையில் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அவர்களில் 642 பேர் தரைப்படையினர். அது வேலைப்பளுவின் கணக்கு மட்டுமாக இருக்க முடியாது.

சரி, முத்திரை விழுந்துவிட்டது. இனி என்ன செய்யலாம்? வழி இருக்கிறது, காகிதத்தில் தெளிவாகவே இருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாவது மேல்முறையீட்டுக் குழு. பிறகு 2009 முதல் இயங்கும் ஆயுதப்படை தீர்ப்பாயம். சென்னையிலும் அதற்கு அமர்வு உண்டு. அங்கேயும் கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றம். தீர்ப்பாயத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக முடியுமா என்ற குழப்பத்தை, முடியும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. கூடவே, தகவல் உரிமைச் சட்டத்தில் மருத்துவக் குழு அறிக்கையின் நகலையும் சேர்க்கைக் காலப் பரிசோதனைத் தாளையும் கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது அந்த வரிசையை இன்னொரு முறை, மனச்சோர்வில் இருப்பவரின் கண்ணால் படித்துப் பாருங்கள். கடிதம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ வரும். உறையைப் பிரிக்கவே மனம் வராத நோய் அது. ஆறு மாதம் என்பது, மாத்திரை பிடித்துப்போகவும் அளவு சரியாகவும் ஆகிற காலம். மேல்முறையீடு எழுது, நகல் எடு, பதிவுத் தபாலில் அனுப்பு, வக்கீலைப் பார், தேதிக்குப் போ. இதையெல்லாம் செய்யும் திறனைத்தான் நோய் முதலில் பறிக்கிறது. கை முறிந்தவரிடம் கையெழுத்துப் போட்டால்தான் கட்டுப்போடுவோம் என்று எந்த மருத்துவமனையும் சொல்வதில்லை. பல வீடுகளில் இந்த வேலை மனைவியின் தலையிலோ வயதான அம்மாவின் தலையிலோ விழுகிறது. ரெக்கார்ட் ஆபீஸ் என்பது வெலிங்டனில் இருக்கிறதா வேறு மாநிலத்தில் இருக்கிறதா என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் நீலகிரிக்குள் முடிந்தது. சிக்னல்ஸ், பீரங்கிப்படை என்றால் வேறு மாநில முகவரிக்கு எழுத வேண்டும். ஓய்வூதியத்தைக் கணக்கிடும் பாதுகாப்புக் கணக்குத் துறை அலுவலகமோ பிரயாக்ராஜ் என்று பெயர் மாறிய அலகாபாத்தில்.

காலம் தவறியவருக்குச் சட்டம் ஓர் இடுக்கு வைத்திருக்கிறது. 1983-ல் வெளியேற்றப்பட்டு 1999-ல் நீதிமன்றம் வந்த வீரரின் வழக்கில், 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கோட்டைப் போட்டது. ஓய்வூதிய மறுப்பு என்பது மாதா மாதம் தொடரும் தவறு; அதனால் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக வழக்கைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் நிலுவைத் தொகை, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். பதினாறு ஆண்டுகள் தாமதித்தால் பதிமூன்று ஆண்டுப் பணம் அரசுக்கு மிச்சம். வழக்கமான வழக்காளிக்கு இது நியாயமாக இருக்கலாம். ஏன் தூங்கினாய் என்று கேட்கலாம். தூக்கமே நோயாகிப் போனவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது சரியா என்பதை நீதிமன்றம் அன்று பேச வேண்டிய அவசியம் வரவில்லை.

அந்த இடுக்கையும் அடைக்கும் ஒரு வரி 2008-ம் ஆண்டின் தகுதி விதிகளில் இருக்கிறது. 1982 விதிகளில் இருந்த அனுமானங்களை அவை கைவிட்டன. பணிக்காலத்தில் நோய் தலைகாட்டியது என்பதால் மட்டும் அது பணியால் வந்தது ஆகாது என்றன. உரிமை கோருபவரைச் சாதாரணமாக நிரூபிக்கச் சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கு ஒரு வாக்கியமும் வைத்தன. அதை அடுத்து ஒரு ‘ஆனால்’. வெளியேறிப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் வந்தால், அதற்குள் அவருடைய பணி ஆவணங்கள் கால வரம்பு முடிந்து அழிக்கப்பட்டிருந்தால், நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. காகிதத்தை வைத்திருந்தது அரசு. அழித்தது அரசு. அழித்த காகிதத்தில் இருந்ததை நிரூபிக்க வேண்டியவர் மட்டும் நோயாளி.

அமெரிக்காவில் இதே பிரச்சினைக்கு வேறு ஏற்பாடு உண்டு. அங்கே மனச்சோர்வுக்கான கோரிக்கை மறுக்கப்பட்டால், புதிய, பொருத்தமான ஆதாரம் ஒன்றைக் கொண்டுவந்து எந்த ஆண்டிலும் கோப்பைத் திறக்கச் சொல்லலாம். 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் இதைச் சீராக்கியது. ஓராண்டுக்குள் கேட்டால் பழைய விண்ணப்பத் தேதியே செல்லும். பிந்தினால் பணம் புதிய தேதியில் இருந்து. ஆதாரம் திரட்ட உதவுவது துறையின் சட்டக் கடமை. பழைய மருத்துவக் குறிப்புகளைத் துறையே தேடி எடுக்க வேண்டும். அதற்காக அங்கே தேனும் பாலும் ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம். கொரியப் போருக்குப் போய் மனநோயோடு திரும்பிய முதியவர் ஒருவர், 120 நாளில் போட வேண்டிய மேல்முறையீட்டைப் பதினைந்து நாள் தாமதமாகப் போட்டார் என்று அவருடைய வழக்கை ஏற்க மறுத்தார்கள். தாமதத்துக்குக் காரணமே நோய்தான் என்றார் அவர். அந்தக் கெடு கல்லில் பொறித்த எல்லை அல்ல என்று 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னபோது, கேட்க அவர் உயிரோடு இல்லை. இருந்தாலும் அங்கே இரண்டு விஷயங்கள் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன: திறக்கும் கதவு, தேடித் தரும் கடமை. இங்கே கதவு நீதிமன்றத்தில் இருக்கிறது, கடமை எங்கும் இல்லை.

எதிர்வாதத்தைப் புறக்கணிக்க முடியாது. இயலாமை ஓய்வூதியம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற குரல் பாதுகாப்பு அமைச்சகத்தில் சில ஆண்டுகளாக ஓங்கி ஒலிக்கிறது. 2023-ல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, ஓய்வு பெறும் தரைப்படை அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதம் பேர் இந்த ஓய்வூதியத்தோடு போகிறார்கள் என்றது. மற்ற நிலையினரில் அது 15 முதல் 18 சதவீதம். ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற வாழ்க்கைமுறை நோய்களை அறிக்கை சுட்டியது. அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று புதிய தகுதி விதிகள் வந்தன, கறாராக.

இந்த எண்களை மெதுவாக வாசிக்க வேண்டும். முழுப் பணிக்காலமும் முடித்து, முழு ஓய்வூதியத்தோடு, சர்க்கரை நோய்க்குக் கூடுதல் தொகையும் வாங்கிப் போகும் அதிகாரி ஒருவர். ஒன்பதாவது ஆண்டில் மனச்சோர்வோடு அனுப்பப்பட்டு, கையில் ஒன்றும் இல்லாத சிப்பாய் இன்னொருவர். முதலாமவரின் மேல் உள்ள கோபத்தில் இரண்டாமவரின் கோப்பை இறுக்கினால் அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்க முடியாது. விதியின் எந்த வரி யாருக்கு எழுதப்பட்டதோ அவரைத்தான் அது காப்பாற்ற வேண்டும்.

இன்னொரு எதிர்வாதம் மருத்துவம் சார்ந்தது. சில மனநோய்களுக்குப் பரம்பரைக் கூறு உண்டு. இருபது வயது இளைஞனைச் சேர்க்கைப் பரிசோதனையில் அரை மணி நேரம் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த வாதத்தை 2019-ல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டு, மனச்சிதைவு வந்த வீரர் ஒருவரின் கோரிக்கையை மறுத்திருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அரசு பல வழக்குகளை எதிர்கொண்டது. நேர்மையாகச் சொன்னால் வாதத்தில் விஷயம் இருக்கிறது. எல்லா மனநோயையும் ராணுவத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் ‘கண்டுபிடித்திருக்க முடியாது’ என்பது ஒரு காரணம் என்றால், அதை அந்தக் குறிப்பிட்ட மனிதரைப் பற்றி, அவருடைய குடும்ப வரலாற்றைக் கேட்டு, அவர் பணியாற்றிய இடங்களைப் பார்த்து, எழுதிக் காட்ட வேண்டும். பொதுவான உண்மையை முத்திரையாக்கி எல்லோர் மேலும் குத்த முடியாது.

2025 மே மாதத் தீர்ப்பு இதைத்தான் சொன்னது. 1988-ல் சேர்ந்து 1998-ல் மனச்சிதைவு என்று வெளியேற்றப்பட்ட வீரரின் வழக்கு அது. மருத்துவக் குழு காரணங்களை எழுதவே இல்லை. காரணம் எழுதுவது சடங்கு அல்ல, ஒரு மனிதரைப் பணியில் இருந்து நீக்குவதற்கும் அவருக்கு ஓய்வூதியம் மறுப்பதற்கும் அதுவே அடித்தளம் என்றது உச்ச நீதிமன்றம். அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வெளியேறி இருபத்தேழு ஆண்டுகள். டெல்லி உயர் நீதிமன்றமும் அதே ஆண்டு மார்ச்சில், அமைதியான ஊரில் பணியாற்றினார் என்பதை மட்டும் வைத்து நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று சொல்ல முடியாது என்று தெளிவுபடுத்தியது. ஜூலையில், தீர்ப்பாயம் வழங்கிய ஓய்வூதியங்களை எதிர்த்து மத்திய அரசு போட்டிருந்த நூற்றுக்கணக்கான மனுக்களை ஒரே தீர்ப்பில் தள்ளியது.

நூற்றுக்கணக்கான மனுக்கள். ஒவ்வொன்றுக்கும் எதிர்மனுதாரர் என்று ஒரு முன்னாள் சிப்பாய் இருக்கிறார். தீர்ப்பாயத்தில் ஜெயித்துவிட்டோம் என்று வீட்டில் சொல்லியிருப்பார். பிறகு டெல்லியில் இருந்து இன்னொரு உறை வந்திருக்கும். இப்படி மேல்முறையீட்டுக்கு மேல்முறையீடு போடும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி, 2015-ல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைத்த நிபுணர் குழு ஒரு நீண்ட அறிக்கையே கொடுத்தது. ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகளும் ஒரு வழக்கறிஞரும் கொண்ட ஐவர் குழு. இயலாமை ஓய்வூதிய வழக்குகளில் அரசின் பிடிவாதத்தை அது வெளிப்படையாகவே குறை சொன்னது. அறிக்கை வந்து பத்தாண்டு கழித்தும் அந்த நூற்றுக்கணக்கான மனுக்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இருந்தன என்பதே அதற்குக் கிடைத்த மரியாதை.

செய்ய வேண்டியது இன்னொரு குழு அல்ல. மனநோய் காரணமாக வெளியேற்றப்பட்டு, ‘நானா’ முத்திரையால் ஓய்வூதியம் மறுக்கப்பட்டவர்களின் பெயர்கள் ரெக்கார்ட் ஆபீஸ்களில் இருக்கின்றன. அந்தக் கோப்புகளை ராணுவமே எடுத்துப் பார்க்கட்டும். மருத்துவக் குழு காரணம் எழுதியிருக்கிறதா, இல்லையா என்ற ஒரே கேள்வி போதும். அதற்குப் பதில் சொல்ல மருத்துவர்கூட வேண்டாம், ஒரு கிளார்க் போதும். காரணம் இல்லாத அறிக்கைகள் உச்ச நீதிமன்றத்தின் முன் நிற்காது என்று ஆன பிறகு, ஒவ்வொருவரும் தனித்தனியாக வழக்குப் போட்டு அதே தீர்ப்பை வாங்கி வரட்டும் என்று காத்திருப்பதில் நீதியும் இல்லை, செலவு மிச்சமும் இல்லை. காரணம் இருக்கும் கோப்புகளில், வீரர் விரும்பினால் மறு ஆய்வு மருத்துவக் குழு. அது வட இந்தியாவில் எங்கோ இல்லாமல் அவரவர் வீட்டுக்கு அருகில் உள்ள ராணுவ மருத்துவமனையில் கூட வேண்டும். குழு கேட்க வேண்டியது ‘இப்போது எப்படி இருக்கிறீர்கள்’ என்பதோடு நின்றுவிடக் கூடாது. அந்த ஆண்டில் எங்கே இருந்தீர்கள், லீவு எப்போது கேட்டீர்கள், கிடைத்ததா என்றும் கேட்க வேண்டும். லீவுப் பதிவேடு பட்டாலியனில் இருந்ததுதானே.

ஆறு மாதக் கெடுவை மனநோய் வழக்குகளில் கையாளும் விதமும் மாற வேண்டும். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது. சிகிச்சைச் சீட்டைக் காட்டினால் மனநோயையே போதுமான காரணமாக ஏற்க வேண்டும் என்று அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை போட்டு, தன் வழக்கறிஞர்களை எதிர்க்க வேண்டாம் என்று சொன்னால் போதும். நிலுவைக்கான மூன்றாண்டு வரம்பையும் இவர்களுக்குத் தளர்த்தலாம். நீதிமன்றம் போட்ட கோட்டைத் தாண்டிக் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது என்று அரசை யாரும் தடுக்கவில்லை.

உடனடியாகக் கைக்கு எட்டும் ஒன்று உண்டு. 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் ‘வீர் பரிவார் சகாயதா யோஜனா’ என்ற பெயரில், படையினருக்கும் முன்னாள் படையினருக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் இலவச சட்ட உதவித் திட்டம் தொடங்கியது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் வழியே அது வர வேண்டும். வேலூர் பக்கம் வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் அந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுபவர்கள் நிறையப் பேர். தட்டாதவர்களைத் தேடிப் போவதுதான் இந்தத் திட்டத்துக்கான சோதனை. மனச்சோர்வில் இருப்பவர் தட்ட மாட்டார், அவருடைய மனைவிக்குத் தட்டலாம் என்று தெரியாது.

நாள்களும் எண்ணப்பட்டுக்கொண்டிருக்கின்றன. 2011-ல் போர்டு அவுட் ஆனவருக்கு 2026-ல் பதினைந்து ஆண்டு முடிகிறது. அதற்குப் பிறகு அவருடைய காகிதங்கள் அழிந்துபோயிருந்தால், தங்கை கல்யாணத்துக்கு அவர் லீவு கேட்டதையும், அது கிடைக்காமல் போனதையும் அவர்தான் நிரூபித்துக் காட்ட வேண்டும்.